புது அடுப்பில் அழுத மக்ரூன்: தூத்துக்குடி பேக்கரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. மைதா, சோடா, வெண்ணெய் எதுவும் கிடையாது. மூன்று பொருளும் சுத்தமாக இருந்து, பல வருடம் பழகிய கையே அடித்து ஊற்றினாலும் மக்ரூன் கெட்டுப்போவதுண்டு. அப்படிக் கெட்ட ஒரு விவகாரத்தையும், அதன் காரணம் பிடிபட்ட விதத்தையும் இங்கே எழுதுகிறோம். விறகு அடுப்பை விட்டு மின் அடுப்புக்கு மாறுகிற பேக்கரிகளில் இதே கோளாறு ஏறக்குறைய இதே வரிசையில் வருகிறது. அதனால் கடைகளின் அடையாளத்தை எடுத்துவிட்டு, எல்லாம் ஒரே கடையில் நடந்ததாகத் தொகுத்திருக்கிறோம்.

முதலில், எது நல்ல மக்ரூன் என்று சொல்லிவிட வேண்டும். அடி அகன்று, சுற்றிச் சுற்றி ஏறி, உச்சியில் கூராக முடியும் சின்னக் கோபுரம். நிறம் பழைய தந்தம் மாதிரி; தூய வெள்ளையும் இல்லை, பொன்னிறமும் இல்லை. நகத்தால் சுண்டினால் காய்ந்த ஓடு போல ஒலிக்கும். கடித்தவுடன் பொடிந்து நாக்கில் கரையும். அடிப்பக்கத்து நடுவில் மட்டும் ஒரு கடலைப்பருப்பு அளவுக்குப் பல்லில் லேசாக இழுக்கும். அந்த இழுப்பு இல்லாவிட்டால் அது வெறும் சீனி நுரை. அதைவிடக் கூடினால் மறுநாளே மக்ரூன்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளம் ஆகிவிடும். முத்துநகர் எக்ஸ்பிரஸில் இராத்திரி முழுக்கக் குலுங்கி, காலையில் எழும்பூரில் இறங்கும்போதும் உச்சி உடையாத மக்ரூனைத்தான் ஊர்க்காரர்கள் சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோவார்கள். சரக்கு சரியா என்று பார்க்க அந்தப் பெட்டியைத் திறந்தால் போதும்.

பருப்பு வந்த வழி, அடுப்பு வந்த வழி

மக்ரூன் போர்த்துகீசியர் விட்டுச்சென்றது என்பது ஊரில் பரவலாகச் சொல்லப்படும் பேச்சு. 1530களில் முத்துக்குளித்துறையில் கால் பதித்தவர்கள் 1658இல் டச்சுக்காரர்களிடம் தூத்துக்குடியை இழந்தார்கள். ஐரோப்பாவில் இந்தப் பலகாரத்துக்குப் பாதாம்தான் பருப்பு. இங்கே அந்த இடத்தில் முந்திரி உட்கார்ந்தது. அந்த முந்திரியையே பிரேசிலிலிருந்து இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர். தெற்கே இன்னும் அண்டிப்பருப்பு என்று சொல்கிற இந்தப் பருப்பு, உடைத்துத் தோல் உரிக்கும் தொழிலில் பேர்பெற்ற கொல்லத்திலிருந்து எட்டும் தூரத்தில் கிடைக்கிறது.

பருப்பின் வழி இப்படியென்றால், செய்முறைக்கு இலங்கையையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். தனுஷ்கோடி வழி திறந்த 1914 வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பல் ஏறினார்கள். வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தத் தூத்துக்குடி–கொழும்புத் தடத்துக்காகத்தான். இலங்கைக் கரையில் ரொட்டிக்குப் பாண் என்றும், பேக்கரி அடுப்புக்குப் போறணை என்றும் பெயர்; இரண்டுமே போர்த்துகீசியம் தந்த சொற்கள். விசுக்கோத்தும் அப்படியே. ரொட்டி, ரஸ்க், விசுக்கோத்து, கேக் என்று எல்லாம் ஒரே அடுப்பில் வரிசையாக வேகும் ஊரில்தான் மக்ரூன் பிழைக்க முடியும். காரணம், மக்ரூனுக்கென்று யாரும் தனியாக அடுப்பு மூட்டியதில்லை. ரொட்டி வெந்து முடிந்தபின் மிஞ்சுகிற சூட்டில் காய்ந்த பண்டம் அது. இந்த நிகழ்வின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

நடந்தது

அந்தக் கடையில் பல வருடமாகச் செங்கல் அடுப்பு. உடைமர விறகை அடுப்புக்குள்ளேயே போட்டு எரித்து, தணலை வெளியே இழுத்து, தரையை ஈரச்சாக்கால் துடைத்துவிட்டு ரொட்டியை ஏற்றுவார்கள். புகைத் தொல்லைக்கு அக்கம்பக்கத்தில் முகம் சுளித்தார்கள். விறகு அடுக்கவும் இடம் இல்லை. இரண்டு அடுக்கு மின் அடுப்பு வாங்கினார்கள். பன், ரொட்டி, கேக் எல்லாம் முதல் வாரத்திலேயே படிந்துவந்தன. மக்ரூன் மட்டும் அடங்கவில்லை.

கோளாறு மூன்று விதமாக வந்தது. சில தட்டுகளில் உச்சி பழுப்பேறி, இடுப்பில் வெடிப்பு. சிலவற்றில் அடியில் சீனிப்பாகு கசிந்து தாளோடு ஒட்டிக்கொண்டது. பேக்கரியில் இதை ‘மக்ரூன் அழுதுடுச்சு’ என்பார்கள். மூன்றாவதுதான் ஏமாற்றுவது. காலையில் பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், கடித்தாலும் சரி. மாலைக்குள் மேலே ஈரப் பளபளப்பு ஏறி, மறுநாள் பொட்டலத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

சந்தேகம் முதலில் பொருள்கள் மேல் விழுந்தது. முட்டை பழசு என்று வேறு லோடு எடுத்தார்கள். பருப்பு ஈரம் என்று வேறு வியாபாரியிடம் போனார்கள். ஐப்பசி மழையைக் குறை சொன்னார்கள். கடைசியில் கலவை இளகாமல் நிற்கட்டுமென்று மைதா 80 கிராம் சேர்த்தார்கள். இந்தக் கடைசி வேலை பெரிய தப்பு. மைதா ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வடிவமும் நிற்கும். வாயில் போட்டால் கரையாது, பசைத்தட்டும். முந்திரி விலையேறும் போதெல்லாம் இந்த ஆசை வரும் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்: மைதாவோ, வேர்க்கடலையோ சேர்த்தால் கிடைப்பது வேறு பண்டம். அதை வேறு பெயரில் விற்பதே நேர்மை.

அளவும் கலவையும்

கடையின் ஒரு ஈடு இது:

வெள்ளைக்கரு 500 கிராம் (சுமார் 16 முட்டை)
பொடித்துச் சலித்த சீனி 1 கிலோ
உடைத்த முந்திரி 700 கிராம்

மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை முழுசாக எழும்பாது. கொழுப்பு நுரையை உடைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள பாத்திரமும் அப்படித்தான். அதனால் அடிக்கும் பாத்திரத்தையும் கம்பியையும் வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். முதலில் மிதமான வேகத்தில் சோப்பு நுரை பதத்துக்கு அடித்து, அதன்பின் சீனியை ஐந்தாறு தடவையாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் 12 முதல் 15 நிமிடம். பாத்திரத்தைக் கவிழ்த்தால் நுரை நகரக் கூடாது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் சீனி நெருடக் கூடாது. நெருடினால் அடுப்பில் அது உருகி அடியில் வடியும். அழுகைக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் முதலில் இதைச் சோதித்தோம். இந்தக் கடையில் நெருடல் இல்லை.

பருப்பில்தான் அதிகக் கவனம். முந்திரியில் ஏறக்குறைய பாதி எண்ணெய். மிக்சியை விடாமல் ஓட்டினால் ஜாடி சூடாகி எண்ணெய் கக்கும்; அந்தப் பொடி நுரையில் விழுந்த சில நிமிடத்தில் கலவை இளகி, ஊற்றிய கோபுரம் தலை சாயும். அரை நாள் வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறவிட்டு, விட்டுவிட்டு இரண்டிரண்டு விநாடி ஓட்டி, ரவை பதத்தில் நிறுத்த வேண்டும். முழுப்பருப்பு தேவையில்லை, துண்டுப்பருப்பே போதும், ஆனால் காறல் வாடை இருக்கவே கூடாது. நுரையில் பருப்பை மூன்று தடவையாகப் போட்டு, மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் அடியிலிருந்து மேலே புரட்ட வேண்டும். வெள்ளைத் திட்டு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதன்பின் 20 நிமிடத்துக்குள் எல்லாம் தட்டில் விழுந்தாக வேண்டும். ஒன்று 10 கிராம் வீதம் ஒரு ஈட்டுக்கு ஏறக்குறைய 220 வரும்.

இவ்வளவையும் பக்கத்தில் நின்று பார்த்தாயிற்று. மாஸ்டரின் கையில் குறை இல்லை.

ஒரே கலவை, இரண்டு அடுப்பு

நல்ல வேளையாகப் பழைய அடுப்பை இன்னும் இடிக்கவில்லை. ஒரு ஈட்டைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மின் அடுப்பில் 150 டிகிரியிலும், மறுபாதியை அன்று மட்டும் மூட்டிய விறகு அடுப்பில் வழக்கப்படி ரொட்டி இறக்கிய பிறகும் வைத்தார்கள். காலையில் விறகு அடுப்பில் தந்தக் கோபுரங்கள். மின் அடுப்பில் வெடிப்பும் கசிவும். முட்டை, பருப்பு, மழை மூன்றின் மேல் இருந்த பழியும் அன்றோடு தீர்ந்தது. மாஸ்டர் முதலாளியிடம் சொன்னது: “மாவுல குத்தம் இல்ல அண்ணாச்சி. அந்த அடுப்பு மூச்சு விடும். இது விடல.”

அவர் சொன்னது அப்படியே சரி. அதை எண்ணில் காட்டத் தராசு போதும். வெள்ளைக்கருவில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர். 500 கிராமில் 440 கிராம். பருப்பின் ஈரம் சுமார் 35 கிராம். ஆக, 2,200 கிராம் கலவையில் 475 கிராம் தண்ணீர். நல்ல மக்ரூனில் மிஞ்சியிருப்பது 80 கிராம் அளவுக்குத்தான். அப்படியென்றால் ஒரு ஈட்டுக்கு ஏறக்குறைய 400 கிராம் தண்ணீர் அடுப்புக்குள்ளே ஆவியாகி, அடுப்பைவிட்டே வெளியேற வேண்டும். மக்ரூன் வேகிறது என்று சொல்வதைவிட உலர்கிறது என்று சொல்வதே பொருந்தும்.

தட்டுகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நிறுத்தார்கள். விறகு அடுப்பில் எடை 18 சதவீதம் குறைந்திருந்தது. மின் அடுப்பில் 12.5 சதவீதம்தான். கணக்குப் போட்டால், மின் அடுப்பு மக்ரூனில் பத்தில் ஒரு பங்கு இன்னும் தண்ணீர். பார்வைக்குக் காய்ந்த ஓடு, உள்ளே ஈரம். அந்த ஈரம் மெதுவாக வெளியே வந்து ஓட்டை நனைக்கிறது. மாலையில் ஏறிய பளபளப்புக்கு விடை இதுதான்.

விறகு அடுப்பில் வெப்பமானி வைத்துப் பார்த்ததில், ரொட்டி ஏறும்போது 230 டிகிரிக்கு மேல். பிஸ்கட் இறங்கும்போது 170ஐ ஒட்டி. மக்ரூன் ஏறும்போது 115. அங்கிருந்து ஒரே சீராக இறங்கி, விடிகாலையில் 55. பத்து மணி நேரம் சூடு இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவைகூட மேலே ஏறுவதில்லை. இரும்புக் கதவு ஓரத்தில் விரல்கடை இடைவெளி. ஆவி அதன் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போய்விடும். மின் அடுப்போ ரொட்டிக்காக ஆவியை உள்ளேயே அடைத்து வைக்கும்படி செய்தது. போதாததற்கு, சொன்ன சூட்டுக்குக் கீழே இறங்கினால் சுருள் மறுபடி பழுத்து, ஒரு குதி மேலே போய்த் திரும்பும். அந்தக் குதியில்தான் உச்சி பழுப்பானது. ஓடு இறுகிய பிறகு உள்ளே கிளம்பிய ஆவிதான் இடுப்பை வெடிக்க வைத்தது.

மூன்று முயற்சி

முதலில் சூட்டை மட்டும் 100க்குக் குறைத்து, கதவை மூடியே வைத்தார்கள். நிலைமை மோசமானது. ஓடு பிடிக்க வேண்டிய முதல் அரை மணி நேரத்தில் அடுப்புக்குள் நீராவி நிறைந்து, கோபுரங்கள் வில்லையாகப் பரந்தன. சூடு குறைந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள்.

அடுத்தது 130 டிகிரி, கதவைத் திறந்துவைத்து. எடைக் குறைவு 15 சதவீதத்துக்கு ஏறியது, வெடிப்பு நின்றது. உச்சியும் கதவோரத்து வரிசையும் நிறம் மாறின. அடி மட்டும் இன்னும் ஒட்டியது. காரணம், மெல்லிய தட்டு நேராக அடிச்சுருளின் சூட்டை வாங்கிச் சீனியை உருக்கியது.

மூன்றாவது முயற்சியில் பழைய அடுப்பின் இறங்குசூட்டையே படிப்படியாக நகல் எடுத்தார்கள். இப்போது கடையில் நடப்பது இதுதான்: அடுப்பை 120க்குச் சூடேற்றி, தட்டுகள் ஏறியவுடன் மேல் 110, கீழ் 95 என்று வைப்பது. ஆவித் துவாரம் முழுக்கத் திறந்திருக்கும். கதவில் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு மரக்கட்டை. மக்ரூன் தட்டின் கீழே காலித் தட்டு ஒன்று; நடுவில் நிற்கும் காற்று அடிச்சூட்டைத் தணிக்கும். 45 நிமிடம் கழித்து 90 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், அதன்பின் 70 டிகிரியில் மூன்று மணி நேரம், பிறகு அடுப்பை அணைத்துக் கட்டையோடு அப்படியே விட்டுவிடுவது. செங்கல்லைப் போல மின் அடுப்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்காது. அதனால்தான் 70 டிகிரிப் படி. அதை மிச்சம் பிடித்தால் நடு காயாது.

இந்த முறையில் எடைக் குறைவு 17.5 முதல் 18 வரை வந்தது. காற்றாடி வைத்த அடுப்பாக இருந்தால் முதல் 45 நிமிடம் காற்றாடியை மிகக் குறைந்த வேகத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

தட்டில் ஊற்றிய பிறகு அரை மணி நேரம் வெளியே வைத்து ஓடு பிடிக்கவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. கோடையில் அதனால் பாதகமில்லை. மழை நாளில் கடற்காற்றில் ஓடு பிடிக்கவே பிடிக்காது. அந்த அரை மணி நேரத்தில் நுரைதான் அடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஊற்றியவுடன் அடுப்புக்குள் போவதே நல்லது.

இறக்கிய பிறகு

அடுப்பைச் சரிசெய்த பின்பும் ஒரு புகார் மிஞ்சியது: சில பொட்டலம் மட்டும் பிசுபிசுக்கிறது. போய்ப் பார்த்தால், காலையில் இறக்கிய தட்டுகள் பத்து மணிவரை மேசையில் திறந்தபடி கிடந்தன. சீனி பரலாக இருக்கும்போது காற்றின் ஈரத்துக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். நுரையோடு காய்ந்து கண்ணாடி போல் ஆன சீனி அப்படித் தாங்காது, ஈரத்தை உடனே இழுக்கும். இப்போது உள்ளங்கைச் சூட்டுக்கு ஆறியவுடன், அரை மணி நேரத்துக்குள், மூடி இறுகிய டின்னில் போடுகிறார்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் மூடியில் வியர்த்து மேலேயே சொட்டும் என்பதால் அவசரமும் ஆகாது. விற்பனைக்குக் கனமான பிளாஸ்டிக் பை, சூட்டில் ஒட்டியது, அதற்கு வெளியே அட்டைப்பெட்டி. மெல்லிய கேரிபேக்கில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால், உள்ளே இருப்பது எவ்வளவு நல்ல மக்ரூனானாலும் மழை நாளில் இரண்டாம் நாளைத் தாண்டாது.

பெட்டியில் அசைவக் குறியான, பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னோம். வெளிர் நிறத்தில் இருப்பதால் பால் பலகாரம் என்று நினைத்து வாங்குகிற சைவக்காரர்கள் நிறையப் பேர். முட்டை, முந்திரி இரண்டும் ஒவ்வாமை தருகிறவை. இரண்டையும் எழுதியே ஆக வேண்டும்.

மிஞ்சுகிற 16 மஞ்சள்கருவும் கணக்கில் வர வேண்டும். இந்தக் கடையில் அன்றைய கேக்குக்கும், பன் மேலே தடவவும் அவை போய்விடுகின்றன. மக்ரூன் மட்டுமே செய்யும் சின்ன இடங்களில் மஞ்சள்கரு வீணாகி, அதன் விலையும் மக்ரூன் தலையில் ஏறும். கேக்கும் பன்னும் ஓடுகிற கடையே மக்ரூனைக் கட்டுபடியாகும் விலையில் தர முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அடுப்புப் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, ஏற்றிய எடை, இறக்கிய எடை, மழையா வெயிலா என்று நான்கு பத்தி. எடைக் குறைவு 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தட்டுகள் 70 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். டின் பக்கம் போகாது. பழைய அடுப்பை இடிக்கும் யோசனையையும் கைவிட்டார்கள். ஆகஸ்ட் 5இல் முடியும் பனிமய மாதா திருவிழாவுக்கும், கிறிஸ்துமஸுக்கும் மின் அடுப்பின் இரண்டு அடுக்கு எந்த மூலைக்கும் காணாது. அந்த நாட்களில் உடைமர விறகு மறுபடி வருகிறது, ரொட்டி முன்னே போகிறது, இராத்திரி மக்ரூன் ஏறுகிறது. அன்றைக்கும் நோட்டில் எடை எழுதித்தான் ஆக வேண்டும் என்பது மாஸ்டரின் கண்டிப்பு.